ஒரு ‘ம்’ குறைந்த தோட்டம்

எங்கள் தெரு முனையில் போன மாதம் ஒரு கேமரா வைத்தார்கள். அதியமான்கோட்டை ஹைவே ஓரத்துக் கடைகளுக்கு வைத்தது போக ஒன்று மிச்சம் இருந்ததாம். அதைக் கொண்டுவந்து எங்கள் தெருக் கம்பத்தில் மாட்டிவிட்டார்கள். மாட்டினவன் அதை எந்தப் பக்கம் திருப்பி வைத்தான் என்கிறீர்கள்? நேராக என் வாசலுக்கு. காலையில் பால் வாங்க லுங்கியோடு கேட்டைத் திறந்தால் அது பார்க்கிறது. சாயங்காலம் சர்க்கரைக்காக நடக்கக் கிளம்பினாலும் பார்க்கிறது. என் மனைவிக்கு ஒரே சிரிப்பு. சர்வீஸ் பூராவும் ஊரான் வூட்டு வாசலையே பார்த்துக்கிட்டு நின்னீங்க, இப்ப உங்க முறை வந்துருச்சு என்கிறாள்.

அவள் சொல்வது நிஜம். நான் போலீஸில் தனிப்பிரிவில் இருந்து ரிட்டையர் ஆனவன். தனிப்பிரிவுக்காரன் திருடனைப் பிடிக்க மாட்டான், லத்தி தூக்க மாட்டான். ஊரில் யார் என்ன பேசுகிறார்கள், எங்கே கூட்டம் போடுகிறார்கள், யாருக்கு எதன் மேல் கோபம் என்று காதில் வாங்கி, தினமும் அறிக்கை எழுதி மேலே அனுப்புவான். அவ்வளவுதான் வேலை.

கேமராவைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. குறுகுறுப்புத்தான் வந்தது. நான் லுங்கியோடு நிற்கிறேனே, அந்தப் படம் இப்போது எந்த ஊரில் இருக்கிறது? யார் பார்க்கிறார்கள்? எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? மாட்ட வந்தவனைக் கேட்டேன். ஒயர் இழுக்கறதோட என் வேலை முடிஞ்சுது சார் என்றான். ஸ்டேஷனில் போய்க் கேட்டேன். அங்கே யாருக்கும் தெரியவில்லை. இப்போது தனிப்பிரிவில் இருக்கிற இந்துமதி என்கிற பெண் மட்டும், விசாரித்துச் சொல்வதாகச் சொல்லி வீடு தேடி வந்தது. டீ குடித்தது. கேமராவைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை என்றது. அப்புறம் என்னைக் கேட்டது: “கேமரா, போனு எதுவும் இல்லாம அப்பல்லாம் எப்படிங்கய்யா தகவல் எடுத்தீங்க?”

அதற்குப் பதில் சொல்ல உட்கார்ந்தவன்தான். பதில் வேறு எங்கோ போய் நின்றுவிட்டது.

போலீஸில் சேர்ந்த கதை பெரிய கதை இல்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினேன். கயிறு ஏறச் சொன்னார்கள், பாதி ஏறினேன். டிரெயினிங் முடிந்து லோக்கல் ஸ்டேஷனில் கொஞ்ச காலம் பாரா நின்றேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் பார்க்கிற புத்தி. பஸ்ஸில் இரண்டு பேர் சண்டை போட்டால் சண்டை முடிகிறவரை இறங்க மாட்டேன், என் ஸ்டாப் போனாலும் சரி. இதைக் கண்டுபிடித்துத்தான் என்னைத் தனிப்பிரிவுக்கு எடுத்துக்கொண்டார் ராமலிங்கம் அய்யா. இன்ஸ்பெக்டர். ஒல்லியான மனுஷர், பேசினால் பக்கத்து மேஜைக்குக் கேட்காது. அவர் ஒருத்தரையும் திட்டி நான் பார்த்ததில்லை. பென்சில் ஒன்று வைத்திருப்பார், அதைக் கண்டால்தான் எங்களுக்குப் பயம்.

நாங்கள் அறிக்கை கொண்டுபோய் நீட்டினால் வரி வரியாகப் படிப்பார். ஒரு வரியில் பென்சிலை வைத்து நிறுத்துவார். தலையைத் தூக்காமலே கேட்பார்: “பாத்தியா, கேட்டியா, நெனச்சியா?”

அவருடைய சட்டம் இது. எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் ஒரு எழுத்துப் போட வேண்டும். கண்ணால் பார்த்தது என்றால் ‘பா’. யாராவது சொல்லிக் கேட்டது என்றால் ‘கே’, சொன்னது யார் என்றும் எழுத வேண்டும். நீயாக நினைத்தது என்றால் ‘நெ’. நினைக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை, நினைத்ததை நினைத்ததாக எழுது என்றார். நான் முதல் முதலில் எழுதிக் கொடுத்தது பாலக்கோடு சர்க்கரை ஆலை கேட்டில் கரும்பு விவசாயிகள் நடத்திய தர்ணா பற்றி. ‘விவசாயிகள் மிகுந்த கொந்தளிப்புடன் காணப்பட்டனர்’ என்று எழுதி ஓரத்தில் ‘பா’ போட்டிருந்தேன். பென்சில் அங்கே நின்றது. கொந்தளிப்பு எந்த நிறத்துலப்பா இருந்துச்சு என்று கேட்டார். திரும்ப எழுதினேன். உட்கார்ந்திருந்தார்கள், இரண்டு பேர் சத்தம் போட்டார்கள், மீதிப் பேர் பட்டாணி தின்றார்கள். ‘பா’ போட்டார்.

இந்துமதிக்கு இதைச் சொன்னபோது நம்பவில்லை. இன்னொன்றையும் நம்பவில்லை. நாங்கள் மப்டியில் போவோம், ஆனால் நாங்கள் யார் என்று ஊருக்கே தெரியும். கூட்டம் போடுகிறவர்கள் எனக்கு முன் வரிசையில் ஒரு சேர் போட்டு வைப்பார்கள். பேச்சாளர் மைக்கைப் பிடித்ததும், ‘முன்னால் அமர்ந்து குறிப்பெடுக்கும் அரசாங்கத்து அண்ணனுக்கும் வணக்கம்’ என்பார், கூட்டம் கை தட்டும். வேகமாகப் பேசிவிட்டால் பிறகு டீக்கடையில் வந்து, அண்ணே அந்த மூணாவது கோரிக்கை எழுதினீங்களா, விட்டிருந்தா சொல்றேன் என்று கேட்பார்கள். இரண்டு நாள் கழித்து, நான் அப்படிப் பேசலீங்க, யாரோ மாத்தி எழுதியிருக்கீங்க என்று சண்டைக்கும் வருவார்கள். சண்டை போட ஒரு ஆள் இருந்தது. அந்த ஆள் நான்தான்.

அந்தக் காலம் தங்கமான காலம் என்று சொல்ல வரவில்லை. காட்டுக்குள் ஒளிந்த கடத்தல்காரனைத் தேடிக் காடு, மலை என்று நடந்த வருஷங்களில் வத்தல்மலைப் பக்கமிருந்து, அரிசி வாங்க இறங்கினவனையெல்லாம் உட்கார வைத்து விசாரித்தார்கள், சிலரை உட்கார வைத்ததோடு விடவும் இல்லை. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அடித்தவன் பேர் அடிபட்டவனுக்குத் தெரிந்திருந்தது. இப்போது எனக்கு வியப்பாக இருப்பது வேறு விஷயம்.

கௌரம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

என் சர்வீஸின் கடைசி வருஷங்கள். சிறப்பு எஸ்.ஐ. ஆகியும் எல்லாருக்கும் ஏட்டய்யாதான். பாலக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். எங்கள் ஜில்லாவில் பாதி ஊருக்கு வாலில் ‘அள்ளி’ ஒட்டிக்கொண்டிருக்கும், இதுவும் ஏதோ ஒரு அள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் கன்னடம், வெளியே தமிழ், சண்டை வந்தால் இரண்டும் கலந்து. அந்த வழியாகப் புதிதாக ஒரு பெரிய ரோடு வரப்போவதாக அளவெடுக்க ஆள் வந்தார்கள். ரோடு சரியாகக் கௌரம்மாவின் தக்காளித் தோட்டத்துக்கு நடுவில் போனது.

கௌரம்மாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி. மார்க்கெட்டுக்குத் தக்காளிக் கூடையோடு டெம்போவில் போவது, கமிஷன் மண்டிக்காரனிடம் மல்லுக்கட்டுவது எல்லாம் கௌரம்மாதான். அளவெடுக்க வருகிறார்கள் என்றதும் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் தன் குரலில் பேசி அனுப்பியது. நான் அதைப் பலதடவை கேட்டிருக்கிறேன். பின்னால் ஒரு கோழி கத்தும். கௌரம்மா சொல்லும்:

“நாளைக்கி அளக்க வராங்களாம். எல்லாரும் தோட்டாக்கு வந்துருங்க. தோட்டா நம்ம கைல இருக்கற வரைக்கும் ஒருத்தனும் கிட்ட வர மாட்டான்.”

கன்னடத்தில் தோட்டத்துக்குத் ‘தோட்ட’ என்றுதான் சொல்வார்கள். கடைசியில் ‘ம்’ கிடையாது. தமிழ் பேசும்போதும் இந்த ஊர்க்காரர்கள் தோட்டா என்றே இழுத்துவிடுவார்கள். காலையில் தோட்டாக்குப் போனேன், தோட்டாவில் தண்ணி பாய்ச்சினேன். கேட்டுக் கேட்டு எங்களுக்குப் பழகிப்போன பேச்சு. கிணறு வெட்டப் பாறைக்கு வைக்கிற தோட்டாவையும் அப்படித்தான் சொல்வார்கள், எது எந்தத் தோட்டா என்று குழம்பின ஆள் ஊரில் இல்லை.

குழம்பினது ஒரு மிஷின். குரூப்பிலிருந்து அந்தக் குரல் எப்படி வெளியே போனது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. குரூப்பில் இருந்தவர்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும், எல்லாரும் தக்காளி போடுகிறவர்கள். யாராவது வேறு குரூப்புக்குத் தள்ளியிருக்கலாம். இது ‘நெ’. எங்கேயோ ஒரு ஆபீஸில் குரலைக் கேட்டு மிஷின் தானாக எழுத்தாக்கியிருக்கிறது. ‘தோட்டா’ என்ற சொல் விழுந்ததும் மணி அடித்திருக்கிறது. இரண்டு நாளில் எங்களுக்குக் கேள்வி வந்தது. மேற்படி பெண், தோட்டாக்கள் கைவசம் இருப்பதாகவும் அதிகாரிகள் நெருங்க முடியாது என்றும் பேசி ஆட்களை அழைத்துள்ளார், விசாரித்து அறிக்கை அனுப்பவும்.

அப்போதைய இன்ஸ்பெக்டர் ஒரு மேடம். சின்ன வயது, கம்ப்யூட்டர் படித்துவிட்டு போலீஸுக்கு வந்தவர், ஓசூர்ப் பக்கம், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். கேள்வியைப் படித்தார், போனில் குரலைக் கேட்டார், மேஜையில் கவிழ்ந்து சிரித்தார். ஏட்டய்யா, எங்கம்மாவையும் உள்ள வெக்கணும் போலிருக்கு, தினமும் தோட்டாவுக்குத்தான் போறாங்க என்றார். சட்டப்படி நான் போய்ப் பார்த்தேன். தோட்டம் இருந்தது, ‘பா’. தோட்டா இல்லை, அதுவும் ‘பா’. மேடம் கையெழுத்துப் போட்டு, இது தோட்டம் என்று விளக்கி அனுப்பினார். சிரித்தோம், டீ குடித்தோம், மறந்தோம்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு பெரிய மனிதர் ஜில்லாவுக்கு வந்தார். பெரியவர்கள் வரும்போது முன்னெச்சரிக்கை என்று ஒன்று உண்டு. கறுப்புக் கொடி காட்டுகிறவர், வண்டியை மறிக்கிறவர் என்று ஏழெட்டுப் பேரை அன்றைக்கு வீட்டிலேயே உட்கார வைப்போம். அந்த ஏழெட்டுப் பேரை முன்பெல்லாம் நாங்கள்தான் சொல்வோம். இந்தத் தடவை பெயர்கள் மேலிருந்து போனிலேயே வந்தன. கடைசியில் கௌரம்மா.

மேடம் மேலே பேசினார். தப்பாச்சே, அறிக்கை அனுப்பினோமே என்றார். அறிக்கை வந்திருக்கு, பேரும் இருக்கு என்றார்கள். பேரை எடுங்கள் என்றார். நாங்க எடுக்க முடியாது, சேர்க்கிற வசதிதான் எங்களுக்கு என்றார்கள். யார் எடுப்பது? வேறு ஒரு ஆபீஸ். அந்த ஆபீஸில் கேட்டால், முதலில் புகார் கொடுத்தவர் வாபஸ் வாங்க வேண்டும் என்றார்கள். புகார் கொடுத்ததே மிஷின். மேடத்துக்குக் கோபம் வந்ததோ இல்லையோ, எனக்கு இது பிடித்துக்கொண்டது. சின்ன வயதில் பஸ்ஸை விட்டு இறங்காத அதே புத்தி. தப்பு என்று எங்களுக்குத் தெரியும், எங்கள் மேலே இருக்கிறவருக்குத் தெரியும், அவருக்கு மேலே இருக்கிறவருக்கும் தெரியும். ஆனால் அழிக்கிற ரப்பர் யார் கையில்? எனக்குத் தெரிந்த பழைய ஆட்கள், கூடப் படித்தவன் மகன் என்று ஒவ்வொருத்தராகக் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தரும் மோசமாகப் பேசவில்லை. எல்லாரும் அடுத்த கதவைக் காட்டினார்கள், கடைசிக் கதவு திரும்பவும் எங்கள் ஆபீஸ்தான்.

அந்த முதல் தடவை கௌரம்மா வீட்டுக் காவலுக்கு நான்தான் போய் உட்கார்ந்தேன். கௌரம்மா எனக்கு ராகிக் களி போட்டுக் குழம்பு ஊற்றியது. தோட்டாவத் தேடறீங்களா ஏட்டய்யா, அதோ செடிக்கு அடியில பாருங்க, செவப்பா இருக்கும் என்றது. இன்னொரு பெரியவர் வந்த இரண்டாவது தடவை அவ்வளவு சிரிப்பு இல்லை. அன்று பறித்த தக்காளி மார்க்கெட்டுக்குப் போகாமல் கூடையிலேயே கசிந்தது. வீட்டுக்காரர் போயிருக்கலாமே என்றேன். அவரு போனா மண்டிக்காரன் சொல்றதுதான் வெலை என்றது. அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டது: “நான் என்ன பண்ணா இது நிக்கும், அதச் சொல்லுங்க. மன்னிப்பு எழுதிக் குடுக்கணுமா? எதுக்குன்னு எழுதட்டும்?” நான் கீழே பார்த்துக்கொண்டு, அன்றும் அது போட்ட களியைக் குழம்பில் தோய்த்தேன்.

மூன்றாவது தடவைதான் சோதனை. கௌரம்மாவின் மகள் ரூபாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பென்னாகரம் பக்கம், அங்கே கோயிலில் முகூர்த்தம், மண்டபத்தில் சாப்பாடு. முதல் நாள் மத்தியானம் பெண்ணையும் சனத்தையும் ஏற்றிக்கொண்டு வேன் கிளம்ப வேண்டும். அன்று காலையில்தான் எங்களுக்குப் பெயர்கள் வந்தன. மறுநாள் ஒகேனக்கல் பக்கம் ஒரு பெரியவர் வருகிறார். இன்று மதியத்திலிருந்து அவர் ஜில்லாவைத் தாண்டுகிறவரை மேற்படி நபர்கள் வீட்டைவிட்டு வெளியேறக் கூடாது. இந்தத் தடவை கூடுதலாக ஒன்று. மணிக்கொரு தடவை அந்த நபரை போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும். எந்த இடத்தில் எடுத்தது என்று போட்டோவின் அடியில் மேப்பே விழுந்துவிடும்.

மேடம் மூன்று இடத்துக்குப் போன் போட்டார். மகள் கல்யாணம் என்றார். அங்கிருந்தவர் வருத்தப்பட்டாராம். பெரியவர் போகிற வழியில்தானே கோயில் இருக்கிறது மேடம், வேறு யாராக இருந்தாலும் விட்டுவிடலாம், இது ஆயுதக் கேட்டகிரி என்றாராம். மேடம் போனை வைத்துவிட்டு, ஏட்டய்யா, நீங்களே போங்க, தெரியாத ஆளு போனா ரொம்பக் கஷ்டமாயிரும் என்றார். எனக்கு அந்த நிமிஷம் யூனிஃபார்மைக் கழற்றிப் போட்டுவிடலாமா என்று இருந்தது. மப்டியில்தான் இருந்தேன், கழற்றவும் ஒன்றும் இல்லை.

நான் போனபோது வேன் கிளம்ப நிற்கிறது. சீர்வரிசைத் தட்டெல்லாம் ஏற்றியாகிவிட்டது. ரூபா பட்டுப் புடவையில் முன் சீட்டில். கௌரம்மா வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினது, என்னைப் பார்த்தது. கல்யாணத்துக்குத்தான் வந்தேன் என்று நினைத்து ஒரு நொடி முகம் மலர்ந்தது. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டது. சாவியை எடுத்து மறுபடி கதவைத் திறந்தது.

ரூபா வேனை விட்டு இறங்கிவிட்டது. அம்மா வராம நான் வர மாட்டேன் என்று அங்கேயே நின்றது. சனம் கையைப் பிசைந்தது. அதற்குள் யாரோ மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட, சம்பந்தி மாதப்பன் காரில் வந்து இறங்கினார். ஆட்டு வியாபாரி, நாலு சந்தைக்குப் போகிற மனுஷர். நேராக என்னிடம் வந்தார்.

“என்னங்க கேஸு?”

கேஸ் எதுவும் இல்லை என்றேன்.

“கேஸு இல்லாம எதுக்குங்க போலீஸு?”

நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் வீட்டிலும் கன்னடம்தான். தோட்டா என்றதும் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. நானும் அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆனால் சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார்.

“எனக்குப் புரியுதுங்க. மிஷினுக்குப் புரியலியே. எம் பையன் கெவுர்மென்டு வேலைக்குப் பரீட்சை எழுதி, பாஸ் பண்ணி, ஆர்டருக்குக் காத்திருக்கான். நாளைக்கு வெரிஃபிகேஷனுக்கு உங்க ஆளுங்கதான வரணும். மாமியார் பேரத் தட்டுனா இவன் பேரும் சேந்து வருமா?”

வராது என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கல்யாணம் நின்றுபோகாமல் நடக்க அது ஒன்றே போதும், அவர் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். தூரத்தில் கௌரம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குள் ராமலிங்கம் அய்யாவின் பென்சில் வந்து நின்றது. வராது என்பதை நான் பார்க்கவில்லை, யாரும் சொல்லிக் கேட்கவும் இல்லை.

“தெரியலீங்க” என்றேன். “வரக்கூடாதுன்னு நெனைக்கிறேன். நெனைக்கிறேன், அவ்வளவுதான்.”

மாதப்பன் மகனுக்குப் போன் போட்டு ஒதுங்கிப் போய்ப் பேசினார். நீளமாகப் பேசினார். நான் அதைக் காதில் வாங்க முயற்சி செய்யவில்லை, என் சர்வீஸில் அது ஒரு அதிசயம். திரும்பி வந்தவர் கௌரம்மாவிடம் போய், பையன் இந்தப் பொண்ணுதான்றான் என்றார். அவ்வளவுதான் சொன்னார். வேலை போனா ஆடு மேய்க்கட்டும் என்று தனக்குள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

கல்யாணம் உண்டு. அம்மா இல்லாமல் எப்படி? நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் கௌரம்மா வாய் திறந்தது. வாசற்படியில் உட்கார்ந்திருந்தது, அங்கிருந்தே கேட்டது.

“ஏட்டய்யா, நான் கல்யாணத்துக்குப் போகக்கூடாது. சரி. கல்யாணம் எங்கிட்ட வரலாமில்ல?”

நான் மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் உத்தரவை எடுத்து ஒருமுறை முழுசாக வாசித்தார். அந்த நபர் வெளியேறக் கூடாதுன்னுதான் இருக்கு, மத்தவங்க உள்ள வரக்கூடாதுன்னு எங்கயும் இல்ல என்றார். குரலில் ஒரு சந்தோஷம்.

மாதப்பன் இறங்கினார் வேலையில். வீடு இருந்ததே தோட்டத்துக்குள்தான். தக்காளி பறித்து முடிந்து கிடந்த இடத்தைச் சுத்தம் பண்ணினார்கள். பென்னாகரத்து மண்டபத்தில் இருந்த சமையல்காரர், அண்டாவோடு லாரியில் வந்தார். கோயில் ஐயர் பைக்கில் வந்தார். மறுநாள் விடிந்து முகூர்த்தம், தக்காளிக்கு ஊன்றின குச்சியைப் பிடுங்கிப் பந்தல். தாரை வார்க்கக் கௌரம்மா தண்ணீரைச் சாய்த்தது. என் போனில் அந்த மணிக்கான போட்டோவை அப்போதுதான் எடுத்தேன். இந்த மாதிரி மணிக்கொரு போட்டோ. தாலி கட்டும்போது ஒன்று, பந்தியில் பரிமாறும்போது ஒன்று, சம்பந்தியோடு வெற்றிலை மாற்றும்போது ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் மேப்பு. அன்றைக்கு நாலாவது போட்டோவுக்கெல்லாம் கௌரம்மாவே என்னைத் தேடி வந்து நின்றது. கண்ண மூடிட்டேன், இன்னொண்ணு எடுங்க என்றது.

அந்தப் பெரியவர் ஒகேனக்கல் வந்ததும் போனதும் எங்களுக்குத் தெரியவே தெரியாது. சாயங்காலம் ஆப்பில் ஒரு கட்டம் இருந்தது, கூட்டம் இருந்தால் காரணமும் இடமும் குறிப்பிடவும் என்று. காரணம்: மகளின் திருமணம். இடம் என்கிற இடத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன், தோட்டம். கடைசி ‘ம்’மை இரண்டு தடவை சரி பார்த்தேன். இவ்வளவு நாள் ரப்பரைத் தேடி அலைந்தேனே, ஒருவேளை இந்தக் கட்டம்தான் ரப்பரோ என்று ஒரு நப்பாசை.

மாப்பிள்ளைக்கு ஆர்டர் வந்தது. அந்த மட்டில் என் வாய் பிழைத்தது. நான் ரிட்டையர் ஆக ஒரு மாதம் இருக்கும்போது மேடம் கூப்பிட்டார். ஏட்டய்யா, கௌரம்மா பேர்ல தோட்டாவை எடுத்துட்டாங்க என்றார். நான் கை எடுத்துக் கும்பிட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. போனை என் பக்கம் திருப்பினார். பழைய வரி இல்லைதான். அந்த இடத்தில் புது வரி: ‘தோட்டத்தில் ஆட்களைத் திரட்டியவர். வெளியூர் நபர்கள் பெருமளவில் பங்கேற்பு.’ கண்காணிப்பில் மூன்றாம் நிலை என்று இருந்தது இப்போது எல்லாவற்றிலும் கடுமையான முதல் நிலை. போட்டோக்களில் இருந்த முகங்களை மிஷின் எண்ணியிருக்கிறது. மாதப்பனின் சொந்தக்காரர்கள்தான் வெளியூர் நபர்கள். சமையல்காரரும் அதில் சேர்த்தி.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஸ்பெல்லிங் மட்டும் சரியாயிருச்சு ஏட்டய்யா என்றார். ஒவ்வொரு போட்டோவும் என் கையால் எடுத்தது. பார்த்ததை மட்டும்தான் அனுப்பினேன், ஒவ்வொன்றும் சுத்தமான ‘பா’. நினைத்தது யாரோ, அதற்கு ‘நெ’ போட அங்கே ஓரமே இல்லை.

கௌரம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். மறைத்து என்ன ஆகப் போகிறது? தக்காளிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தது. முழுசும் கேட்டுக்கொண்டது.

“தோட்டம்னு சரியா எழுதியிருக்காங்களா?”

எழுதியிருக்கிறார்கள் என்றேன். மறுபடி கயிற்றைக் கட்ட ஆரம்பித்தது. ரோட்டுக்கு நட்ட அளவுக்கல் இரண்டு செடிக்கு நடுவில் இன்னும் அப்படியே நின்றது.

இதையெல்லாம் இந்துமதியிடம் சொல்லி முடித்தபோது அடுத்து வந்த டீயும் ஆறிப் போயிருந்தது. எனக்கு அடக்க முடியவில்லை, கேட்டுவிட்டேன். கௌரம்மா பேர் இப்பவும் இருக்கான்னு பார்த்துச் சொல்ல முடியுமாம்மா? அந்தப் பெண் கொஞ்சம் தயங்கியது. “பாக்கலாம்ங்கய்யா. ஆனா யாரு பாத்தாங்கன்னும் அதுலயே பதிவாயிரும்ங்க. எதுக்குப் பாத்தேன்னு கேட்டா உங்க பேரச் சொல்லணும்.” வேண்டாம்மா என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், நானும் ஒரு நிமிஷம் பயந்தேன் என்று உறைத்தது.

போன வாரம் கௌரம்மாவே போன் பண்ணியது. ரூபாவுக்குப் பையன் பிறந்திருக்கிறான், பேர் வைக்கிறார்களாம், நான் குடும்பத்தோடு வர வேண்டுமாம். எங்கே என்று கேட்டேன். தோட்டாலதான் என்றது. வழக்கமாக இதெல்லாம் மாப்பிள்ளை வீட்டில் செய்வதாயிற்றே, பென்னாகரத்தில் இல்லையா என்றேன். இல்லீங்க, எல்லாம் இங்கியே வெச்சுக்கறோம் என்றது. சொந்தக்காரப் பிள்ளைக்குக் காது குத்து, ரூபாவுக்கு வளைகாப்பு எல்லாமே இங்கேதான் நடந்ததாம். தங்கச்சி மகன் கல்யாணம் தர்மபுரியில், அதற்கு மட்டும் போகவில்லையாம்.

அன்றைக்கு யாரும் வந்து தடுத்தார்களா என்று கேட்டேன்.

“யாரும் வரலீங்க” என்றது கௌரம்மா. “வருவாங்களோன்னு நானே போகல.”